என்ன வேலை, என்ன வண்டி? ஸ்கூட்டர் வாசகர் கேள்வி - பதில்

"வண்டி பழுது" என்று மட்டும் எழுதினால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். ஒரே மாடல் ஸ்கூட்டர் வங்கி ஊழியரிடம் ஒரு விதமாகவும் பால்காரரிடம் வேறு விதமாகவும் கெட்டுப்போகும். அதனால்தான் கேள்வியோடு என்ன வேலை பார்க்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், என்ன சுமை ஏற்றுகிறீர்கள் என்பதையும் எழுதச் சொன்னோம். வந்தவற்றில் சில இங்கே.

வங்கி எழுத்தர், கும்பகோணம்: 1988 பஜாஜ் சேத்தக் வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கிளைக்கு இரண்டே கிலோமீட்டர். மாதம் ஒரு ப்ளக் மாற்ற வேண்டியிருக்கிறது. வண்டி இழுக்கவும் இல்லை. மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வண்டி சூடாவதற்குள் நீங்கள் கிளைக்குப் போய்விடுகிறீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து எண்ணெயும் எரிய வேண்டும். சூடு போதாவிட்டால் அது எரியாமல் கரியாகி ப்ளக்கிலும், சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையிலும், சைலன்சருக்குள்ளும் படியும்.

முதலில் எண்ணெய் அளவைச் சரிபாருங்கள். லிட்டருக்கு 20 மி.லி., அதாவது 5 லிட்டருக்கு 100 மி.லி. "கொஞ்சம் கூட ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது" என்று 40, 50 என்று ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்கும் அந்தக் காலத்து எண்ணெய்க்கும் அது பொருந்தியிருக்கலாம். இன்றைய டூ டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய்க்கு 20 போதும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குப்பியை வண்டியில் போட்டு வையுங்கள். எண்ணெயை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் போட்டால் தானாகக் கலந்துவிடும்.

அடுத்தது சைலன்சர். கழற்றி, ஒரு முனையை மரக்கட்டையால் இறுக அடைத்து நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ வீதம் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரைசலைச் சைலன்சருக்குள் ஊற்றி ஒரு இரவு வைத்திருங்கள். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மேல் முனையை மூடாதீர்கள். மறுநாள் ஊற்றும்போது தார் மாதிரி வரும். நாலைந்து முறை அலசி வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். இந்தக் கரைசல் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆகவே ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சிலிண்டர் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

இதற்குப் பிறகும் இழுவை வராவிட்டால் ஹெட்டை மட்டும் கழற்றுங்கள். பிஸ்டனைக் கீழ்க்கோடிக்கு இறக்கினால் எக்ஸாஸ்ட் துளை முழுதாகத் திறந்திருக்கும். அந்தக் கரியை மூங்கில் குச்சியால் சுரண்டலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும். திரும்ப மாட்டும்போது நான்கு நட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வாரம் ஒரு நாள் சுவாமிமலைக்கோ தாராசுரத்துக்கோ நிற்காமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். மாதாமாதம் ப்ளக் வாங்கும் செலவு நின்றுவிடும். ப்ளக் இடைவெளி 0.6 மி.மீ. இருக்கட்டும்.

பால் விற்பனையாளர், ஈரோடு: எல்.எம்.எல். வெஸ்பா என்.வி. ஓட்டுகிறேன். காலை நாலு மணிக்கு வண்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. எல்லா பழைய ஸ்கூட்டருக்கும் இதுதான் வழக்கம் என்கிறார்கள். உண்மையா?

வழக்கம் என்னவோ உண்மைதான். அதற்காக அது சரி என்று ஆகாது. கார்பரேட்டர் வலதுபுறம் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கமாகச் சாய்த்தால் டேங்கைவிட கார்பரேட்டர் இன்னும் கீழே போகும், பெட்ரோல் வேகமாக இறங்கும், மிதவைக் கிண்ணம் கூடுதலாக நிறையும். அதாவது நேராக நிற்கும்போது போதுமான பெட்ரோல் வரவில்லை என்று வண்டியே உங்களிடம் சொல்கிறது.

தேடும் வரிசை இது. டேங்க் மூடியைத் திறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள். உடனே பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் கார்பரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் காக்கைத் திறந்து ஒரு டம்ளரில் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் டம்ளர் நிறைய வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கின் வடிகட்டி அடைத்திருக்கும் அல்லது குழாய் உள்ளே உப்பியிருக்கும். ஓட்டம் நன்றாக இருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலை வடிகட்டியைப் பாருங்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கடைசியாக ஸ்லோ ஜெட், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைத் திருகு. அதைக் காற்றடித்தோ நைலான் இழையாலோதான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் ஐட்லிங் ஒருநாளும் சீராக நிற்காது.

சோக் கம்பி முழுதாக இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிடி வெளியே வந்தாலும் உள்ளே வால்வு பாதிதான் உயர்ந்திருக்கும். பின்பனிக்காலத்தில் மட்டும் தொந்தரவு என்றால் பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்த வண்டியில் எஞ்சின் வலதுபுறம் இருக்கிறது. இடதுபுற மூடிக்குள் ஸ்டெப்னி இருப்பதால்தான் எடை ஓரளவு சமமாகிறது. கேனுக்கு இடம் வேண்டும் என்று ஸ்டெப்னியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் வண்டி வலதுபக்கம் இழுக்கும். கனமான கேன் இடதுபுறம் இருக்கட்டும். முதலில் காலியாக்க வேண்டியது வலதுபுறக் கேன். பின் டயருக்கு முழுச் சுமையில் 36 பி.எஸ்.ஐ., திரும்பி வரும்போது தனி ஆளாக 25 போதும். முன் டயருக்கு 18.

செவிலியர், மதுரை: இரவுப் பணி. ஹோண்டா ஆக்டிவா. பணி முடிந்து காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.

மல்டிமீட்டரை வைத்து மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. ஓடும்போது கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. ரெகுலேட்டரையோ, எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலையோ பார்க்க வேண்டும். மூன்றும் சரி என்றால் உங்கள் ஓட்டம் குறைவு. ஒரு முறை செல்ஃப் போட்டதற்கு இழந்த மின்சாரத்தை ஐந்து நிமிட ஓட்டம் திருப்பித் தராது. காலையில் முதல் ஸ்டார்ட்டை கிக்கரில் போடுங்கள். செல்போன் சார்ஜர், கூடுதல் விளக்கு ஏதாவது சாவியை மூடினாலும் மின்சாரம் எடுக்கும்படி இணைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவு டெலிவரி செய்பவர், சென்னை: 110 சி.சி. கியர் இல்லாத ஸ்கூட்டர். நாளுக்கு 120 கி.மீ. சர்வீஸ் புத்தகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கிறது. ஆனால் வண்டி தேய்ந்துகொண்டே போகிறது. எலெக்ட்ரிக் வாங்கினால் தேவலையா?

புத்தகத்தில் மாதக் கணக்குக்குப் பக்கத்திலேயே கிலோமீட்டர் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் செல்லும். 26 நாள் வேலை என்றால் மாதம் 3,120 கி.மீ. வீட்டு உபயோக வண்டி ஒரு வருடத்தில் ஓடுவதை நீங்கள் இரண்டு மாதத்தில் ஓட்டிவிடுகிறீர்கள். ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

எஞ்சின் ஆயிலை ஒவ்வொரு 3,000 கி.மீ.க்கும், அதாவது மாதம் ஒரு முறை, மாற்றுங்கள். கம்பெனிகள் இதைவிட நீண்ட இடைவெளி கொடுப்பதுண்டு. அது சீராக ஓடும் வண்டிக்கானது. வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டல் வாசலில் ஐட்லிங்கில் துடிக்கும் வண்டிக்கு அது பொருந்தாது. அளவு சுமார் முக்கால் லிட்டர்தான், அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது. வாரம் ஒரு முறை குச்சியால் அளவு பாருங்கள்.

எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு விசை கடத்தும் பெல்ட்டுக்கு ஆயுள் 20,000 முதல் 24,000 கி.மீ. உங்கள் கணக்கில் ஆறரை முதல் ஏழரை மாதம். அது அறுந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான், தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. பெல்ட் மாற்றும் அன்றே வேரியேட்டரில் (வேகத்துக்கேற்ப பெல்ட் சுற்றும் அளவை மாற்றும் கப்பியில்) உள்ள ஆறு ரோலர்களையும் மாற்றிவிடுங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் நிற்கும்போது கடகடவென்று சத்தம் வரும். 50-ஐத் தாண்ட வண்டி திணறும். ஆக்ஸிலேட்டர் எகிறியும் வேகம் வராது. ரோலருக்கும் பெல்ட்டுக்கும் கிரீஸ் தடவ மெக்கானிக்கை விடாதீர்கள். பெல்ட்டில் ஒரு துளி பட்டாலும் வழுக்கும்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறதா? கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். உப்புத்தாளால் ஷூவையும் அது உரசும் கிண்ணத்தின் உட்புறத்தையும் தேய்த்தால் சில மாதம் தாங்கும். மேம்பாலச் சரிவில் சிக்னலுக்காகப் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம்தான் அந்த ஷூவைக் கொல்கிறது. ஏர் ஃபில்டர் எண்ணெய் தடவிய காகிதம். காற்றடித்துச் சுத்தம் செய்தால் கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும். பின் சக்கரக் கியர் ஆயில் 120 மி.லி. எத்தனை சின்ன அளவு! அதனாலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுங்கள்.

எலெக்ட்ரிக் கணக்கு இப்படி. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 120 கி.மீ.க்கு 2.7 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 270 ரூபாய். மின் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் மணி எடுக்கும். 120-க்கு 3.6 யூனிட், சார்ஜரில் வீணாவதோடு 4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 32 ரூபாய்தான். சேமிப்பு பெரிது. ஆனால் 3 யூனிட் பேட்டரி உள்ள வண்டியில் 120 கி.மீ. ஒரே சார்ஜில் வராது. மதியம் நடுவில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா? சாலையோர வேகச் சார்ஜரில் போட்டால் யூனிட் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். வாடகை வீட்டில் மாடியில் குடியிருந்து, கீழே பிளக் பாயிண்ட் இல்லாதவர் முதலில் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், அப்புறம்தான் ஷோரூம். இன்னொன்று, வாரண்டியை வாங்கும் முன் படியுங்கள். கிலோமீட்டர் உச்சவரம்பும் வணிகப் பயன்பாடு குறித்த நிபந்தனையும் அதில் இருக்கும். வருடத்துக்கு 37,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு "இத்தனை ஆண்டு" என்ற வாக்குறுதியால் பயன் குறைவு.

மீன் வியாபாரி, தூத்துக்குடி: சேத்தக். பின்னால் ஐஸ் பெட்டி. கால் வைக்கும் இடம் ஓட்டையாகிவிட்டது. தகரம் வைத்து வெல்டிங் அடித்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

துருவை வெட்டாமல் மேலே தகரம் அடித்தால் ஒரு மழைக்காலம்தான். சேத்தக்குக்கு உடம்பே ஃபிரேம், தனிச் சட்டம் கிடையாது. மோட்டார் சைக்கிளில் தகரம் துருத்தால் அழகு போகும். இதில் தரைத் தகடு துருத்தால் வண்டியின் முதுகெலும்பே போகும். முன் ஃபோர்க்கும் பின் எஞ்சினும் அந்தத் தகட்டையும் அதன் நடுமேட்டையும் நம்பித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். தரையிலுள்ள ரப்பர் பட்டைகளை எல்லாம் கழற்றுங்கள். அதன் அடியில்தான் உப்புத் தண்ணீர் தேங்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்ல தகடு. மந்தமாக ஒலித்தால் அழுகியிருக்கிறது, முனையால் குத்தினால் இறங்கும். நடு ஸ்டாண்டு மாட்டும் இடம், தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் பட்டைகள், பிரேக் பெடல் துளையைச் சுற்றி, எஞ்சின் மாட்டும் காதுகள், இந்த நான்கு இடங்களையும் விடாதீர்கள். எஞ்சின் மாட்டும் இடம் குத்துப்பட்டால் அந்த வண்டியில் பணம் போடாதீர்கள். வேறு உடம்பு தேடுவது மலிவு.

வெறும் தரைத் தகடு என்றால் அழுகிய பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, ஒரு மி.மீ. கனத் தகட்டை அதே வடிவில் வளைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக அடித்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து இணைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் வண்டியைத் தட்டையான இடத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தாவிட்டால் உடம்பு நடுவில் தொய்ந்து, ஓடும்போது முன் சக்கரம் ஒரு பாதை பின் சக்கரம் ஒரு பாதை என்று போகும். டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரையும் பற்றவைக்க விடாதீர்கள்.

பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, கழுவிக் காயவைத்து, ஜிங்க் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட். வெறும் ரெட் ஆக்ஸைடு கடற்கரைக்குப் போதாது. அடிப்புறத்துக்கு நான்கு சக்கர வண்டிகளுக்கு அடிக்கும் தார்ப் பூச்சு அடிக்கலாம், ஆனால் துரு முழுதாகப் போன பிறகு. மேலே பூசி உள்ளே துருவை அடைத்துவைத்தால் வெளியே தெரியாமலே தின்றுவிடும்.

பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர்தான் மூல காரணம். பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டு, தோட்டத்துக் குழாய் ஒன்றை மாட்டி, நம்பர் பிளேட்டுக்குக் கீழே போய் விழும்படி விடுங்கள். பின் டிரம் மேல் விழக் கூடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்புறத்தை அலசுங்கள். ரப்பர் பட்டைகளைத் திரும்ப மாட்டாமல் விட்டால் இன்னும் நல்லது. பார்வைக்குக் கொஞ்சம் மட்டம்தான்.

கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர்: 1974-இல் பதிவான லாம்பிரெட்டாவில் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். இரண்டு கேள்விகள். கியர்பாக்ஸில் கரகர சத்தம் வருகிறது. இதை "விண்டேஜ்" ஆகப் பதிவு செய்யலாமா?

சத்தத்துக்கு முன் ஒரு சந்தேகம். கடைசியாக ஆயில் மாற்றியவர் பஜாஜ் வண்டிகள் பார்த்துப் பழகியவரா? பஜாஜ் சேத்தக் போன்ற வெஸ்பா வகை வண்டிக்கு எஸ்.ஏ.இ. 30 (எஸ்.ஏ.இ. என்பது ஆயிலின் தடிமன் எண்) ஆயில் 250 மி.லி. லாம்பிரெட்டாவுக்கு எஸ்.ஏ.இ. 90 ஆயில் 700 மி.லி. வெஸ்பா பழக்கத்தில் கால் லிட்டரை ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தி கடத்தும் செயின் அந்த ஆயிலில்தான் நனைந்து ஓட வேண்டும். அளவு குறைந்தால் செயின் காய்ந்து கரகரக்கும். முழுதாக வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள். வடிந்ததில் வெள்ளிப் பொடி மினுமினுத்தால் பேரிங்கோ கியரோ தேய்கிறது. சரியான அளவு ஊற்றியும் சத்தம் போகாவிட்டால் செயின் தொய்ந்திருக்கும், மேல் வழிகாட்டிப் பட்டையும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பதிவு விஷயம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் நிலையில் பெரிய மாற்றமின்றி இருக்கும் சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000. எண்ணில் 'வி ஏ' என்ற எழுத்துகள் வரும். உங்களுக்கு இடிக்கும் இடம் வேறு. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் வகுப்புக்குப் போக முடியாது. ஓட்டுகிறவருக்கு ஏற்றது சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதுதான். ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ரசீது எல்லாவற்றோடும் வண்டியையும் கொண்டுபோக வேண்டும். போவதற்கு முந்தின நாள் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, படிக்கும்படி வையுங்கள். பல அடுக்குப் பெயின்டுக்குள் எண் மறைந்துபோனதால் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டு ஆர்.சி.யில் பழைய எண்ணே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்: காலடியில் துணிக்கட்டு வைத்தால் 40-இல் ஹேண்டில் ஆடுகிறது.

கட்டு இல்லாமலும் லேசாக ஆடும், கவனித்துப் பாருங்கள். சுமை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் தண்டின் பேரிங்) குழிவிட்டிருக்கிறது, இறுக்கினால் போகாது, மாற்ற வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைகிறதா என்றும் பாருங்கள். பிறகு பின் சக்கரத்தைப் பிடித்து உலுக்குங்கள். எஞ்சின் மாட்டும் ரப்பர் புஷ் தேய்ந்தால் பின்னால் தொடங்கும் ஆட்டம் ஹேண்டிலில்தான் தெரியும். கியர் ஸ்கூட்டரில் பின் பிரேக் காலடியில் இருக்கிறது. கட்டு சரிந்து பெடல்மேல் விழுந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். பெடலுக்கு அடியில் போனால் பிடிக்கவே பிடிக்காது. துணிக்கட்டை இடதுபுறமாகத் தள்ளிக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

மருந்து விற்பனைப் பிரதிநிதி, திருநெல்வேலி: தென்காசி சாலையில் 70-இல் போகும்போது சேத்தக் திடீரென்று பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடியது. இப்போது ஓட்டலாமா?

ஓடும், ஆனால் ஓட்டாதீர்கள். பிஸ்டன் உப்பிச் சிலிண்டரில் உரசியிருக்கிறது. ஆறியதும் விடுபட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். லேசான கோடு என்றால் மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு நீக்கி, ரிங் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து மாட்டலாம். நகம் மாட்டும் ஆழம் என்றால் போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். 57 மி.மீ. சிலிண்டருக்கு 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். பிஸ்டனை லேத் கடையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து அளந்து போர் போடச் சொல்லுங்கள். "0.25 போட்டுடு" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் பிடிக்கும். மூன்று காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, காற்றுக் கசிவு. மேக்னெட் பக்க ஆயில் சீல் காய்ந்தால் அங்கிருந்து காற்று உறிஞ்சப்பட்டுக் கலவை மெலியும். அடையாளம், ஆக்ஸிலேட்டரை விட்டபின் எஞ்சின் உடனே இறங்காமல் ரேஸ் ஆகி நிற்பது. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை வரும். இரண்டும் வேறு வேறு. இரண்டு, குளிரூட்டும் காற்று. மேக்னெட்டில் உள்ள விசிறி இறக்கைகள் உடைந்திருக்கின்றனவா, சிலிண்டரை மூடும் உறை இருக்கிறதா? "இது எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அந்த உறை இல்லாமல் காற்று சிலிண்டருக்குப் போகாது. மூன்று, பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இதற்குச் சுமார் 13.5 போதும். ஜெட் பழையபடியே இருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறும். இப்போதுள்ள மெயின் ஜெட்டைவிட ஒரு எண் பெரிது போட்டு, பத்து கிலோமீட்டர் வேகமாக ஓட்டி, அதே வேகத்தில் எஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்தி ப்ளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் சரி. வெள்ளை என்றால் இன்னும் ஒரு எண்.

எத்தனால் பழைய ரப்பரையும் உப்பவைக்கும். பெட்ரோல் குழாய், காக் வாஷர், கார்பரேட்டர் ஊசி முனை மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

நீண்ட சாலையில் ஒரே ஆக்ஸிலேட்டரில் போகாதீர்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரில் உருட்டினால் பெட்ரோலோடு வரவேண்டிய எண்ணெயும் நின்றுவிடும், எஞ்சின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வப்போது கொஞ்சம் கொடுங்கள். இழுவை திடீரென்று தளர்வதுபோல் தெரிந்த நொடியில் கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும்.

ஆட்டோ ஓட்டுநர், சேலம்: வீட்டுக்குப் பஜாஜ் ஸ்கூட்டர். பஞ்சர் கடையில் சக்கரத்தைப் பிரிக்கும்போது ரிம் தெறித்துவிட்டது. யார் தப்பு?

காற்றை முழுதாக இறக்காமல் ரிம் நட்டைத் தொட்டவருடையது. இந்த ரிம் இரண்டு பாதி. வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. வால்வு ஊசியையே கழற்றி, டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது வகையைத் தளர்த்த வேண்டும். புதிய பையன்கள் இருக்கும் கடை என்றால் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

கல்யாண சமையல் மாஸ்டர், காரைக்குடி: கைனடிக் ஹோண்டாவுக்கு எண்ணெய் தனி டேங்க். பெட்ரோலிலும் கலக்கலாமா?

எண்ணெய் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் வேண்டாம், கரிதான் சேரும். எண்ணெய் டேங்க் ஒரு முறை காலியாகியிருந்தாலோ குழாயைக் கழற்றியிருந்தாலோ குழாயில் காற்று நின்றிருக்கும். காற்றை வெளியேற்றிவிட்டு முதல் இரண்டு லிட்டருக்கு மட்டும் 20 மி.லி. வீதம் பெட்ரோலிலும் கலந்து ஓட்டுங்கள். எண்ணெய் டேங்கில் பென்சிலால் மட்டம் குறித்து வையுங்கள். 100 கி.மீ. ஓடியும் குறி இறங்கவில்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர், தஞ்சாவூர்: பழைய ஸ்கூட்டர் என்றால் உயிர். இதையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும், முழுதாகப் புதுப்பிக்கும் வேலையை மட்டும் நம்பாமல் இருந்தால். ஒரு வண்டியைப் பிரித்துப் பெயின்ட் அடித்துக் கோர்க்க மூன்று, நான்கு மாதம் ஆகும். அதில் உங்கள் கைவேலை பாதிதான். டிங்கரிங், பெயின்ட், குரோம், லேத் எல்லாம் வெளியே போய்ப் போய் வர வேண்டும். அவர்கள் தாமதித்தால் உங்கள் பணம் முடங்கும். கேபிள் மாற்றுவது, கார்பரேட்டர், பாயிண்ட் (ப்ளக்கில் தீப்பொறி வரும் நேரத்தை வைக்கும் தொடர்பு முனை), கிளட்ச், பிரேக் என்று அன்றன்றைக்குக் காசு வரும் வேலைகள் கடை வாடகையைக் கட்டும். பக்கத்தில் கியர் இல்லாத வண்டிகளின் சர்வீஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கைகொடுப்பது அதுதான்.

சாதாரண ஸ்பேனர் செட்டைத் தவிரக் கட்டாயம் வேண்டியவை இவை. மேக்னெட் புல்லர், வண்டி வகைக்கு ஏற்ற அளவில். கிளட்ச் நட்டைக் கழற்றும் நான்கு பல் சாக்கெட். கிளட்ச் அமுக்கும் கருவி. சர்க்ளிப் பிளையர். சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். ஃபீலர் கேஜ், பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. வைக்க. மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச். பேரிங் போட எஞ்சின் உறையைச் சூடாக்க ஒரு சூட்டுத் துப்பாக்கி. உறையை 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கினால் பேரிங் தானாக உட்காரும். சுத்தியால் அடித்து இறக்கினால் அலுமினியம் விரியும். மேக்னெட்டை உளி வைத்து நெம்பிக் கழற்றும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் இருப்பதே உங்களுக்கு விளம்பரம்.

ஹாஃப் எஞ்சின் (சிலிண்டர், பிஸ்டன் வரை), ஃபுல் எஞ்சின் (கிராங்க் உட்பட முழுதும்) வேலை எடுக்கும்போது திறந்து பார்க்காமல் தொகை சொல்லாதீர்கள். பிரிப்பதற்கு மட்டும் ஒரு சிறு தொகை வாங்கி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, பிறகு பட்டியல் கொடுங்கள். உதிரி பாகப் பணம் முழுதும் முன்பணம், கூலி முடிந்த பின். எல்.எம்.எல்., விஜய் சூப்பர் போன்ற தயாரிப்பு நின்ற வண்டிகளுக்குப் பாகம் வந்த பிறகே பிரியுங்கள். பாகத்துக்காக எட்டு மாதம் பிரித்துக் கிடக்கும் வண்டி உங்கள் கடையில் இடத்தையும், வாடிக்கையாளரிடம் உங்கள் பெயரையும் தின்னும். சந்தையில் வரும் போலிப் பாகங்களில் பாயிண்ட் செட், கண்டென்சர், ஆயில் சீல் மூன்றிலும் ஏமாறுவது அதிகம். நல்லது கிடைத்தால் பத்துப் பத்தாக வாங்கி வையுங்கள்.

வண்டி உள்ளே வரும்போதே நான்கு பக்கமும் படம், மீட்டர் எண், ஆர்.சி. நகல். ஆர்.சி. காட்டாத வண்டியைத் தொடாதீர்கள். வேலை முடிந்து ஒரு மாதமாகியும் எடுக்காத வண்டிக்கு நாள் வாடகை என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.